முக்கால் இஞ்சு

ஸ்பிரிங் இரண்டையும் கழற்றித் தரையில் கிடத்திய பிறகு, இனி இந்தக் கார் தன்னிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று குழந்தைவேலுவுக்குப் பட்டது. ஸ்பிரிங் உள்ளே இருக்கும்வரை கார் விறைத்துக்கொண்டு நிற்கும், கேட்டதற்கு வாய் திறக்காது. எடுத்துவிட்டால் சக்கரம் ஜாக்கி சொன்னபடி ஏறும், சொன்னபடி இறங்கும், அரை இஞ்சுக்கு ஒருதரம் நிறுத்தி இப்போ எந்தப் பக்கம் பாக்கறே சொல்லு என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்கத்தான் போகிறான். காலை ஒன்பதே முக்கால். பட்டறையில் அவனைத் தவிர ஆளில்லை. வேலைக்காரர்கள் இருவரையும் இன்றைக்கு வர வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டான். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான், தெரியவில்லை. ஐம்பத்தொரு வயதில், கணபதிப் பகுதியில் சொந்தப் பட்டறை போட்டு இருபத்தாறு வருஷத்தில், ஒரு வண்டியைத் தனியாக வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று தோன்றியது இதுதான் முதல் தடவை. பயமா? பயமெல்லாம் இல்லை. கண்டுபிடித்துவிடுவோம் என்பதில் அவனுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. யாருடைய காரிலாவது ஏறிப் பத்தடி ஓட்டினால் போதும், எது தேய்ந்திருக்கிறது, எது இளகியிருக்கிறது என்று உள்ளங்கை சொல்லிவிடும். அந்த உள்ளங்கை இதுவரை பொய் சொன்னதில்லை. ஆனால் இந்தக் காரை அவன் வேகத்தில் ஒருநாளும் ஓட்டியதில்லை. கட்டுவது இவன், ஓட்டுவது இவன் தங்கை கோகிலாமணி, ஏழு வருஷமாக அதுதான் ஏற்பாடு. எழுபத்து நாலாம் வருஷத்துப் பத்மினி. வெளியே அந்தக் காலத்து வட்ட விளக்கும் குரோமியப் பட்டையும், உள்ளே ஜப்பான் எஞ்சின், பின்னால் தடிமனான இரண்டு டயர். பந்தயத்தில் நேர்கோட்டில் கால் மைல் ஓட வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேலை. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. நேராகப் போவதற்கென்றே கட்டிய கார் பதினோரு நாளைக்கு முன்பு நேராகப் போகவில்லை.

காரின் இரு பக்கத்திலும் நீளவாக்கில் நூல் கட்டியாயிற்று, வெள்ளை நைலான் நூல், நான்கு ஸ்டாண்டில் விறைப்பாக. ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கயிற்றால் சீட்டோடு பிணைத்தாயிற்று. சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு நீளப் பலகையைப் போல்ட் போட்டு முடுக்கினான். பலகையின் முன்முனைக்கும் நூலுக்கும் எவ்வளவு தூரம், பின்முனைக்கும் நூலுக்கும் எவ்வளவு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம், அதுதான் சக்கரம் பார்க்கிற திசை. முதலில் இடது பக்கம். சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தான். அட்டைக் கூரை இப்போதே சூடேறத் தொடங்கியிருந்தது. ஜாக்கியை அரை இஞ்சு இறக்கினான், வித்தியாசம் ஒன்றுமில்லை. ஒரு இஞ்சு, அரை மில்லிமீட்டர். ஒன்றரை, அதே அரை. இரண்டு இஞ்சு, ஒன்று. சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டான். தங்கமான பக்கம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் வலது பக்கம். வலது பக்கம் என்று அவனுக்கு முன்பே தெரியாதா என்ன? தெரியாது. அளக்காமல் எப்படித் தெரியும்? அளந்த பிறகுதான் எதுவும் தெரியும், அளக்காமல் சொல்கிறவன் ஜோசியக்காரன். அப்புறம் ஏன் இடது பக்கத்தை முதலில் எடுத்தான்? எந்தப் பக்கமாவது ஆரம்பிக்கத்தானே வேண்டும். எழுந்து தண்ணீர் குடித்தான். போன் எண்ணெய் டப்பாவின் மேல் கிடந்தது. அதை எடுத்தால் அந்த வீடியோவைத்தான் பார்ப்பான் என்று தெரிந்தே எடுத்தான். யாரோ கூட்டத்திலிருந்து எடுத்தது, பன்னிரண்டு விநாடி, எழுபது தடவையாவது பார்த்திருப்பான். பச்சை விளக்கு. கார் குதித்துக் கிளம்புகிறது, மூக்கு தூக்குகிறது, கொஞ்சம் போனதும் வலப்பக்கம் சாய்கிறது. கோகிலாவின் கை இடப்பக்கம் ஒடிக்கிறது, ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்கிறாள், மூக்கு தரையைப் பார்க்கக் குனிகிறது, அந்த நொடியில் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி கார் இடப்பக்கம் பாய்கிறது. கான்கிரீட் சுவர். புகை. வீடியோ எடுத்தவன் அடடா, கை தப்பிருச்சு, என்கிறான். அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு நடந்தது வீடியோவில் இல்லை, குழந்தைவேலுவுக்குள் இருக்கிறது. அவன் ஓடினான். இடதுபக்கக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. ஒரு சாண். அவன் தன் கையை விரித்து வைத்தே பார்த்தான், அந்த நேரத்தில் அப்படி ஒரு காரியத்தை ஏன் செய்தான், அவனுக்கே தெரியாது. கட்டைவிரல் சுவரில், சுண்டுவிரல் கண்ணாடியில். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள், முகம் வெளுத்திருந்தது, ஓடிவந்த எல்லோரையும் பார்த்து, என்ற கைதானுங்க, நாந்தான் ரொம்ப ஒடிச்சுப்போட்டேன், வண்டி மேல ஒண்ணுமில்லீங்க, என்றாள். வண்டி மேல ஒண்ணுமில்லீங்க. யாரும் அவளைக் கேட்கவே இல்லை. கேட்பதற்குள் அவளாகவே அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். இவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, போச்சாது உடு அம்மிணி, என்றான்.

வலது பக்கம் படுத்தபோது முதுகுக்குக் கீழே தரை சில்லென்றிருந்தது, இந்தப் பக்கம் வெயில் வந்திருக்கவில்லை. பலகையை முடுக்கினான். கை நன்றாக வேலை செய்தது, அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. என்ன ஆனாலும் கை வேலை செய்கிறது, போல்ட் எத்தனை சுற்று, எங்கே இறுகும், எங்கே நிறுத்தணும் என்பதெல்லாம் அது பாட்டுக்கு நடக்கிறது. காய்ச்சலில் விழுந்த நாளில்கூட இந்தக் கை சரியாகத்தான் வேலை செய்தது. அரை இஞ்சு இறக்கினான். இரண்டு மில்லிமீட்டர். சரி. ஒரு இஞ்சு. நாலரை. சாக்பீஸ் உடைந்தது, வேறு துண்டை எடுத்தான். ஒன்றரை இஞ்சு. ஏழு. இனி அளக்கவே வேண்டாம், ஆனாலும் அளந்தான். இரண்டு இஞ்சு, ஒன்பது. முன்முனை வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது, இம்மியும் அசையவில்லை, சக்கரம் மட்டும் தன்பாட்டுக்கு வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதாவது மூக்கு தூக்கும்போதெல்லாம் கார் தானாக வலது பக்கம் போகும். அவள் என்ன செய்வாள், இடது பக்கம் ஒடிப்பாள், ஒடித்தாள், சரியாக ஒடித்தாள். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பிறகு காலை எடுத்தாள், எடுக்கத்தான் வேண்டும், யாராக இருந்தாலும் எடுப்பார்கள், மூக்கு குனிந்தது. இப்போது ஜாக்கியை மேலே ஏற்றிப் பார்த்தான், நின்ற நிலைக்கும் மேலே ஒரு இஞ்சு. பலகை கீழ்ப்படிந்த பிள்ளை மாதிரி உள்ளே திரும்பி இடப்பக்கம் பார்த்தது. ஆக, அவள் கை இடது பக்கம் ஒடித்திருந்த அதே நொடியில் காரும் இடது பக்கம் ஒடித்தது. ஒரு ஸ்டியரிங்குக்கு இரண்டு பேர். சுவர் ஒரு சாணில் நின்றது அவளால்தான், அந்தக் கடைசி நொடியில் அவள் திருப்பிப் பிடித்திருக்கிறாள், அதை எந்த வீடியோவும் காட்டவில்லை. குழந்தைவேலு மல்லாந்தபடியே சிரித்தான். கண்டுபிடித்துவிட்டான். இதுதான் அவன். கேட்டால் கார் சொல்லும், கேட்கத் தெரிந்தால். அந்தச் சிரிப்பு ஒரு மூச்சுக்கு மேல் தங்கவில்லை, ஏனென்றால் அவன் கண் சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் வழியாக உள்ளே போய், அது சேரும் கம்பியின் வழியாக மேலே ஏறி, ஸ்டியரிங் பாக்ஸில் போய் நின்றது. சட்டத்தில் பழைய ஓட்டைகள் இரண்டு காலியாக இருந்தன. புது ஓட்டைகள் முக்கால் இஞ்சு மேலே. அவன் போட்ட ஓட்டை. விளிம்பை அரத்தால் தேய்த்து மெருகுகூடப் போட்டிருந்தான்.

ஆடி மாதத்தில் போட்டது. எல்லாம் அந்த சைலன்சர் பைப்பால். எஞ்சினிலிருந்து நாலு குழாய் வெளியே வந்து, நாலும் ஒரே நீளத்தில் வளைந்து, ஒன்றின் இடுப்பில் ஒன்று சாய்ந்துகொண்டு இறங்கி, ஒரே வாயில் சேரும். பத்தொன்பது நாள் வேலை. மணல் நிரப்பிச் சூடு பண்ணி வளைத்தான், ஒவ்வொரு வெல்டும் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விழுந்தது. திருப்பூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒரு குழாய் ஸ்டியரிங் பாக்ஸில் உரசியது. குழாயை வெட்டி வேறுமாதிரி வளைத்திருக்கலாம், அரை நாள் வேலை. மனசு வரவில்லை. பாக்ஸை முக்கால் இஞ்சு தூக்கினால் குழாய் அழகாகப் போய்விடும். தூக்கினான். எதிர்ப்பக்கத்தில் டை ராடைத் தாங்குகிற இரும்புக் கையையும் அதே அளவு தூக்க வேண்டும், அது அப்போதே தெரியும், அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை, அப்புறம் பார்த்துக்கலாம் என்று நினைத்தான். அப்புறம் என்பது வரவே இல்லை. ஆவணி முழுக்கக் கார் ஓடியது, மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது, புதுசாகப் பின்டயர் மாட்டிப் பிடிப்பு அதிகமான அன்றைக்குத்தான் மூக்கு இரண்டு இஞ்சு தூக்கியது. சரி. இப்போதும் ஒரு வழி இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் சட்டத்தை வெட்டி அந்தக் கையையும் முக்கால் இஞ்சு தூக்கிவிட்டால்? இரண்டு சக்கரமும் ஒரே அளவு வெளியே பார்க்கும், ஒன்று இழுப்பதை மற்றொன்று சரிக்கட்டும், கார் நேராகப் போகிற மாதிரியே இருக்கும். பைப் தப்பிக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு தப்பைச் சேர்த்துக் கட்டினால் நேர்கோடு. மழை பெய்த தரையில் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து மற்றது வழுக்கினால் என்ன ஆகும் என்று அவன் உள்ளங்கை கேட்டது. சும்மா இரு என்றான். சும்மா இருக்கவில்லை. விரித்துப் பார்த்தான். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு சாண். பைப்பை அறுக்க வேண்டும். வேறு பேச்சே இல்லை. முடிவு செய்ததும் நெஞ்சுக்குள் ஒரு வசதி வந்தது, எப்போதும் வருகிற வசதிதான், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவனை யாரும் அசைக்க முடியாது. அறுத்து, வளைத்து, பாக்ஸைப் பழைய ஓட்டையில் இறக்கி, நாளை மறுநாள் ஓட்டிப் பார்க்கலாம். யார் ஓட்டுவது?

அங்கே போய்த்தான் நினைப்பு முட்டிக்கொண்டது. நேற்றுச் சாயங்காலம் கோகிலாவின் வீட்டுக்காரர் போன் பண்ணினார். மச்சான், அவ ஸ்கூலையே வேற ஆருக்காவது குடுத்தர்றேங்கறா, என்றார். பீளமேட்டில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லித்தரும் டிரைவிங் ஸ்கூல், பதினாலு வருஷமாக நடத்துகிறாள். பஸ் கண்டக்டர் சம்சாரம், பேங்க்காரம்மா, அறுபது வயது டீச்சர் என்று எத்தனை பேர் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேம்பாலம் ஏறிக் கற்றிருக்கிறார்கள். பதினோரு நாளாக ஒரு கிளாஸ் எடுக்கவில்லை. சீட்டுல உக்காந்து கையையே பாத்துட்டு இருக்கறா மச்சான், ஸ்கூட்டியக்கூட எடுக்க மாட்டேங்கறா, என்றார் அவர். பதினோரு நாள். ஏன் பதினோரு நாள் ஆயிற்று இதை அளக்க? ஒரு டாக்சியின் கியர்பாக்ஸ் இருந்தது, அவசரம். இரண்டு நாள் மழை. நூல் தீர்ந்துபோயிருந்தது, அது பொய், நூல் அலமாரியிலேயே இருந்தது. சுவரில் கையை வைத்து அளந்தானே அன்றைக்கே, அன்றைக்கு ராத்திரி படுக்கையில் கண்ணை மூடியதும் என்ன வந்தது? சுவர் வரவில்லை. தங்கை முகமும் வரவில்லை. இரண்டு காலி ஓட்டை வந்தது. புரண்டு படுத்தான். கை தப்பிருச்சு என்று அவளே சொல்கிறாளே, சொன்னவளை நம்பாமல் இருக்கலாமா, என்று தூங்கிப்போனான். நன்றாகத் தூங்கினான், அதுதான் இப்போது உறுத்தியது. அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாதா, பதினேழு வயதில் பஞ்சுப்பொதி ஏற்றிய லாரியைப் பின்பக்கமாகவே சந்து முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து, சுவரில் ஒரு கீறல் இல்லாமல் நிறுத்தினவள். அந்தக் கையா தப்பும்? வெளியே இரும்புக் கேட் கிறீச்சிட்டது. மணி பன்னிரண்டாகியிருந்தது. வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

துணிக்கடைப் பை ஒன்றில் ஹெல்மெட்டை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் நெற்றி மினுமினுத்தது. காரைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

“சாப்பிட்டியாண்ணா?”

“இன்னும் இல்ல.”

“இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். உன்ற பட்டறைப் பையன் ஸ்டீபன் ஓட்டட்டும். அவன் தலைக்கு இது சரியா இருக்கும்.” பையை மேஜை மேல் வைத்தாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே நாலைந்து வாக்கியம் சேர்த்து வைத்திருந்தான். அதையெல்லாம் விட்டுவிட்டான். வார்த்தையில் அவன் என்றைக்குமே கெட்டிக்காரன் இல்லை, காட்டத் தெரியும், அவ்வளவுதான்.

“அம்மிணி, உள்ள ஏறி உக்காரு.”

“மாட்டேன்.”

“வண்டி நகராது. முன்னால சக்கரமே இல்ல பாரு. ஏறு.”

அவள் சக்கரம் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஏறினாள். அவன் கயிற்றை அவிழ்த்தான். “ஸ்டியரிங்கை நேரா புடி. என்ன ஆனாலும் ஒடிக்காதே. தலையை வெளிய நீட்டி அந்தப் பலகையைப் பாரு, நூலைப் பாரு.” அவள் பிடித்தாள். முட்டி வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்தாள். அவன் ஜாக்கியை இறக்கினான். பலகையின் முன்முனை மெதுவாக நூலை நோக்கிப் போனது.

“கை அசைஞ்சுதா?”

“இல்ல.” பிறகு, “அது ஏன் திரும்புது?” என்றாள்.

“இது மூக்கு தூக்கறப்போ.” ஜாக்கியை ஏற்றினான், நின்ற நிலைக்கும் மேலே. பலகை உள்ளே திரும்பியது. “இது நீ காலை எடுத்தப்போ.”

“மறுபடி இறக்கு.”

இறக்கினான்.

“ஏத்து.”

ஏற்றினான். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் தன் கையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறாவது தடவை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கி வந்து, அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

“எதுனால?”

“ஸ்டியரிங் பாக்ஸை முக்கால் இஞ்சு ஏத்தி வெச்சேன். பைப்புக்கு இடம் பத்தலன்னு. அக்கட்டப் பக்கம் ஏத்தல.”

“எப்ப?”

“ஆடியில.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ.”

“சொல்லல.”

“அன்னைக்கு அங்க நிக்கறப்போ உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்பது உண்மைதான். அளந்தது இன்றைக்குத்தான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், அண்ணன் சொன்னால் நம்புவாள், சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நம்பினவள்தானே. “அங்க தெரியாது,” என்றான். “ராத்திரி படுத்தப்போ சந்தேகம் வந்துச்சு.”

“அன்னைக்கு ராத்திரியேவா?”

“ஆமா.”

அவள் எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. “பதினோரு நாளு!” என்று கத்தினாள். அட்டைக் கூரையில் பட்டுத் திரும்பியது அந்தச் சத்தம். “பதினோரு நாளு நான் என்ற கையைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். சோறு அள்ளுனா இந்தக் கைதானேன்னு தோணுது. என்ற மக சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தா நான் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கறேன். ஸ்கூலை விலை பேசியாச்சு தெரியுமா உனக்கு? நீ இங்க டாக்சிக்குக் கியர்பாக்ஸ் மாட்டிட்டு இருந்திருக்கே!” குறுக்கே பேசினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று அவனுக்குப் பட்டது, நிறுத்தக்கூடாது, இன்னும் திட்ட வேண்டும். ஏழு வருஷமாக ஓட்டத்துக்கு முன்னால் அவள் கண்ணில் வருகிற அந்த வெளிச்சம் இப்போது கோபமாக வந்து நின்றது, அதைப் பார்த்ததில் அவனுக்குத் திட்டு உறைக்கவே இல்லை. இவள் ஓட்டுவாள். அதில் அவனுக்கு இனி சந்தேகமில்லை. தன்னோடு பேசுவாளா என்பதுதான் தெரியவில்லை.

“எல்லாரும் கேக்கத்தானே நான் சொன்னேன், என்ற கைன்னு? நீயும் எல்லாரும் கேக்கச் சொல்லு. இப்பவே.”

போனை எடுத்தான். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கார்ப் பந்தயக்காரர்கள் நூற்றெண்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். தட்டத் தட்ட ஒருவித நிம்மதி வந்தது, நன்றாகவே எழுதுகிறோம் என்றுகூட நினைத்தான். முடித்து அவளிடம் நீட்டினான். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

“‘அன்று நமது பத்மினியில் நடந்ததற்கு ஓட்டுநர் காரணம் அல்ல. ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தியதில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது.’” நிமிர்ந்தாள். “சின்னதா?”

அவள் கட்டைவிரல் ‘சின்ன’வை அழித்தது. பிறகு, “நடந்துவிட்டதா? அதுவா எந்திரிச்சு நடந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே அதையும் அழித்து, ‘தவறு செய்துவிட்டேன்’ என்று தட்டி, கீழே ‘குழந்தைவேலு’ என்று அவன் பெயரையும் போட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நீயே அனுப்பு.”

அனுப்பினான். உடனே போன் அதிரத் தொடங்கியது. அவன் பார்க்கவில்லை. மேஜை மேல் குப்புற வைத்துவிட்டு, கட்டிங் மிஷினின் ஒயரை இழுத்துக்கொண்டு வந்து பிளக்கில் செருகினான். காருக்கு அடியில் படுத்து, நாலு குழாயில் பாக்ஸில் உரசியது எதுவோ அதைக் கையால் தடவிப் பார்த்தான். வெல்டு அடுக்கடுக்காக விரலில் ஓடியது. இவ்வளவு நன்றாக இனி ஒருதரம் வருமா? வரும். வளைத்தவன் இவன்தானே, இன்னொரு மாதிரியும் வளைப்பான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினான். தகடு குழாயைத் தொட்டது, பொறி மார்பு வரை கொட்டியது, பட்டறை முழுக்க அந்தக் கூரான அலறல். அதற்கு நடுவே, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு கோகிலா யாரிடமோ போனில் உரக்கப் பேசுவது கேட்டது.

“ஆமாங்க, நாளைக்குக் காத்தால ஆறரைக்கு... நானேதான் வருவேன், மேம்பாலம் ஏத்திரலாங்க... என்னது? இல்லீங்க, பயப்பட ஒண்ணுமில்ல, எங்கண்ணன் பைப்பு அறுக்கறாரு, அந்தச் சத்தம்!”